நாய்க்கான குளிர்ப்பாய், ஈர ஜாக்கெட், வலைக்கட்டில்: எது வெப்பத்தை எடுக்கிறது, எது எடுப்பதுபோல் காட்டுகிறது

ஜெல் குளிர்ப்பாய் பெட்டிகளில் ஒரே பல்லவிதான்: மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நாய் ஏறிப் படுத்தாலே போதும், அழுத்தம் பட்டதும் குளிரும். இதில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது வெறும் பேச்சு. அழுத்துவதால் எந்த ஜெல்லும் குளிராது. தெர்மாமீட்டரைப் பாயின் மேல் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள், அறையின் வெப்பநிலைதான் காட்டும். தொட்டால் சில்லென்று இருக்கிறதே என்றால், எஃகுத் தட்டும் அப்படித்தான் இருக்கும். நம் தோலை விடக் குறைந்த சூட்டில் இருந்து, வெப்பத்தைச் சட்டென்று உறிஞ்சும் எந்தப் பொருளும் கைக்குச் சில்லென்றுதான் படும்.

அதற்காகப் பாய் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. அது ஒரு வாளி. கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், நிரம்பினால் அதோடு சரி. வாளி எவ்வளவு பெரியது என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

25 கிலோ நாய் ஒன்று சும்மா படுத்திருக்கும்போதே சுமார் 40 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, பழைய குண்டு பல்பு ஒன்று அதன் வயிற்றுக்குள் எரிவதுபோல. ஓடி விளையாடி வந்தால் அது பல மடங்கு. இந்த வெப்பம் வெளியே போயாக வேண்டும், இல்லாவிட்டால் உடல் சூடு ஏறும். நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி. 41ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இடையில் இருக்கும் இடம் இரண்டே டிகிரிதான்.

நடுத்தரப் பாய் ஒன்றில் 2 கிலோ ஜெல் என்று வையுங்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஒரு கிலோ ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் வாங்கும். ஆனால் ஜெல் கெட்டியாக இருப்பதால் தண்ணீர்போல உள்ளே சுழலாது. நாயின் உடம்புக்குக் கீழே உள்ள பாதிதான் வேலை செய்யும், ஓரத்தில் உள்ளது சும்மா கிடக்கும். ஆக ஒரு கிலோ. அறை 28 டிகிரியில் இருந்தால், அந்த ஒரு கிலோ 36க்கு ஏறுவதற்குள் சுமார் 33 கிலோஜூல் வாங்கும். நாய் தன் வெப்பத்தில் பாதியை, அதாவது 20 வாட்டை (நொடிக்கு 20 ஜூல், ஆயிரம் ஜூல் ஒரு கிலோஜூல்), வயிற்றின் வழியே பாய்க்குக் கொடுத்தால் வாளி நிரம்ப ஏறக்குறைய அரை மணி நேரம். அதற்குப் பிறகு பாய், நாயின் சூட்டிலேயே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை.

பழைய நிலைக்குத் திரும்ப 15 முதல் 20 நிமிடம் என்று பெட்டிகளில் போட்டிருப்பார்கள். காற்றாடாத அறையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் சரி. அதுவும் நாய் எழுந்து போனால்தான். படுத்த நாய் படுத்தபடியே கிடந்தால் பாய் ஆறவே ஆறாது.

அறையே 36 டிகிரி என்றால் பாயும் 36. வெயிலில் அலைந்து வந்த நாயின் தோலும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். வெப்பம் நகர வேறுபாடு வேண்டும், இங்கே அது இல்லை. மிகவும் தேவைப்படும் நாளில்தான் பாய் கைவிடும் என்பது இந்தப் பொருளின் பெரிய குறை. 30 டிகிரிக்குள் இருக்கும் அறையில் ஓரளவு உதவும், 34க்கு மேல் காசுக்குக் கேடு.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஏசி போட்ட கடையில் பத்து நொடி உள்ளங்கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அங்கே எந்தப் பாயும் ஐஸ்போல இருக்கும். பத்து நிமிடம் கையை எடுக்காமல் வையுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால், ஒரே மாதிரியான மூன்று ரப்பர் வெந்நீர்ப் பைகளில் 38 டிகிரித் தண்ணீரை ஒரே அளவு ஊற்றி, ஒன்றைப் பாய் மேலும் ஒன்றை வெறும் தரையிலும் ஒன்றை மடித்த போர்வை மேலும் வைத்து, மூன்றையும் ஒரே மாதிரித் துண்டால் மூடுங்கள். அரை மணி கழித்துத் தண்ணீரின் சூட்டை அளந்தால் உங்கள் வீட்டுக்குப் பாய் தேவையா என்று தெரிந்துவிடும். தரைத்தளத்தில் கல்லோ ஓடோ பதித்த வீடுகளில் பெரும்பாலும் வெறும் தரையே பாய்க்கு ஈடு கொடுக்கும். கருங்கல் ஜெல்லை விட வெப்பத்தைப் பல மடங்கு வேகமாகக் கடத்தும், அதன் கீழே இருக்கும் மண்ணோ வற்றாத வாளி. புதுப் பாயை விட்டுவிட்டு நாய் குளியலறைத் தரையில் பின்னங்கால்களைத் தவளைபோல நீட்டி, அடிவயிறு முழுக்கத் தரையில் படும்படி கிடந்தால் அதற்கு அடம் என்று பெயர் வைக்க வேண்டாம். இருபது நிமிடத்தில் ஒரு முழம் தள்ளி மறுபடி படுக்கும், பார்த்திருப்பீர்கள். முதல் இடம் சூடாகிவிட்டது என்று அர்த்தம்.

பாயைப் பயன்படுத்துவதில் நடக்கும் தவறுகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்பாஞ்ச் படுக்கையின் மேல் பாயை விரிப்பார்கள். அடிப்பக்கம் முழுக்க அடைபட்டுப் போகும், பாய் ஆற வழியே இல்லை. நேராகத் தரையில்தான் போட வேண்டும். வயதான நாய், முழங்கையில் தோல் தடித்துப்போன நாய் என்றால் பாதிப் பக்கம் பாய், பாதிப் பக்கம் மெத்தை என்று போட்டு அதன் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். இன்னொன்று, சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைப்பது. உறைந்த பாய் மேல் படுத்தால் தோலுக்குக் கீழே உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுவருவது அந்த ரத்தம்தான். போதாததற்கு உறைந்த பிளாஸ்டிக் மடிப்பில் விரிசல் விடும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். வெயில் விழும் பால்கனியில் பாயைப் போடவே கூடாது. அது வாங்கி வைத்த சூட்டை நாய்க்குத் திருப்பிக் கொடுக்கும்.

தையல் விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஜெல்லை அறை அறையாகப் பிரிக்கும் ஒட்டுக் கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஜெல் ஓரத்துக்கு ஒதுங்கி நடுவில் வெறும் தாள்தான் மிஞ்சும். நாய் படுப்பது அந்த நடுவில்தான். கோடுகளுக்கு இடையே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தால் வேண்டாம். மேலுறை வெறும் பிவிசி என்றால் நகம் கிழித்துவிடும், நைலான் துணி பொதிந்தது தாங்கும். கடிக்கும் குட்டிக்கு எந்த உறையும் தாங்காது என்பது வேறு கதை. உள்ளே என்ன ஜெல் என்று பெட்டியில் எழுதாத பாயை வாங்காதீர்கள். செல்லுலோஸ் வகை ஜெல்லைக் கொஞ்சம் நக்கினால் பொதுவாக வயிற்றுக் கலக்கத்தோடு போய்விடும், ஆனால் விழுங்கிய பிளாஸ்டிக் துண்டு குடலை அடைக்கும். எதிலிருந்து செய்தது என்றே தெரியாத ஜெல்லை நாய் தின்றுவிட்டால் கால்நடை மருத்துவரால் எதை வைத்துச் சிகிச்சை தர முடியும்? கசியும் பாயை டேப் ஒட்டி ஓட்டாமல் தூக்கிப் போடுங்கள்.

ஜெல்லிலேயே விலை கூடிய இனம் ஒன்று உண்டு: 28 டிகிரியில் உருகும் மெழுகுப் பொருள் அடைத்தது. உருகும்போது கிலோவுக்கு 200 கிலோஜூல் அளவுக்கு வாங்கும், அதுவரை சூடு ஏறாது. 2 கிலோவுக்கு 400 கிலோஜூல். சாதா ஜெல் முழுதுமே வேலை செய்தாலும் 67தான். வித்தியாசம் உண்மையானது, கொடுக்கும் காசுக்குப் பொருள் உண்டு. ஆனால் அது மறுபடி உறைய 28க்குக் கீழே ஓர் இடம் வேண்டும். பகலெல்லாம் 31 டிகிரியில் இருக்கும் வீட்டில் அது ஒருமுறை உருகி, உருகியபடியே கிடக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருப்பவர்களுக்கும், காரில் நாயோடு ஒரு மணி நேரம் போக வேண்டியவர்களுக்கும் இதைச் சொல்லலாம். பிசைந்து பார்த்தால் உள்ளே கட்டி தட்டினால் வேலைக்குத் தயார், கொழகொழவென்று இருந்தால் தீர்ந்துவிட்டது.

நாக்குக்குப் போட்டியாக வரும் ஜாக்கெட்

ஈர ஜாக்கெட்டைப் பற்றிப் பேசும் முன் நாயின் சொந்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். மிதமான நாளில் நாயின் வெப்பத்தில் பெரும்பகுதி தோலிலிருந்து கதிர்வீச்சாகவும் காற்றோடும் போய்விடும். வெளிச் சூடு 32 தாண்டினால் அந்த வழி குறுகி, பாரம் முழுக்க இளைப்பின் மேல், அதாவது நாக்கைத் தொங்கவிட்டு வேகவேகமாக மூச்சு வாங்குவதன் மேல் விழும். பாதத் திண்டுகளில் மட்டும் வியர்க்கும், உடம்பில் வெப்பத்தைத் தணிக்கும் வியர்வை இல்லை. மூக்கு வழியே காற்றை இழுத்து, வாய் வழியே பெரும்பகுதியை வெளியே தள்ளும். மூக்குக்குள் சுருண்டிருக்கும் ஈரப் பரப்பும் நாக்கும் தண்ணீரை ஆவியாக்கும். வேகம் நிமிடத்துக்கு 300 மூச்சை ஒட்டி இருக்கும். அது நெஞ்சுக்கூடும் நுரையீரலும் தம் போக்கில் அதிரும் தாளம். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்றாற்போல் தள்ளுவது போல, அந்த வேகத்தில் தசைக்கு உழைப்பு குறைவு, அதனால் இளைப்பே புதுச் சூட்டை உண்டாக்குவதும் குறைவு. சப்பை மூக்கு நாய்களுக்கு, பக், புல்டாக் மாதிரி, இந்தச் சலுகை இல்லை. குறுகிய வழியில் காற்றை இழுக்கவே மல்லுக்கட்ட வேண்டும், அந்த மல்லுக்கட்டே சூடு.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.4 கிலோஜூல் எடுத்துக்கொண்டு போகும். 40 வாட்டையும் இந்த வழியிலேயே வெளியேற்றினால் மணிக்கு 60 மில்லி தண்ணீர் போதும். ஜெல் பாயின் 33 கிலோஜூலை 14 மில்லி தண்ணீர் சாதித்துவிடும். குளிர்விக்கும் பொருள்களில் எதை வாங்குவது என்று குழம்பும்போது இந்த ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்.

ஆனால் புழுக்கம் வந்தால் கணக்கு மாறிவிடும். நாய் வெளியே விடும் மூச்சு 38 டிகிரியில் ஈரம் நிறைந்து வந்தால் ஒரு கன மீட்டரில் 46 கிராம் நீராவி இருக்கும். உள்ளே இழுக்கும் காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அதில் ஏற்கெனவே 12 கிராம். நிகரமாக 34 கிராம் வெளியேறும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 70 என்றால் உள்ளே வருவதே 28 கிராம், வெளியேறுவது 18. அதே இளைப்புக்குப் பாதிப் பலன்.

ஜாக்கெட்டுக்கும் இதே தலையெழுத்துதான். ஈரத் துணி நிழலில் அதிகபட்சம் எவ்வளவு குளிரும் என்பதற்கு எல்லை உண்டு: 35 டிகிரி, 30 சதவீத ஈரப்பதத்தில் சுமார் 22 வரை இறங்கும். 70 சதவீதத்தில் 30 வரைதான். வறண்ட காற்றுள்ள ஊரில் ஜாக்கெட் அருமையான பொருள், சந்தேகமில்லை. புழுக்கமான கரையோரத்தில், அதுவும் காற்று அசையாத நாளில், அது நாய்க்கு மாட்டிய ஈரப் போர்வை.

வடிவமைப்பில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. கிடைக்கும் ஜாக்கெட்டுகளில் முக்கால்வாசி முதுகை மட்டும் மூடுகின்றன. முடி அடர்ந்திருப்பது முதுகில். முடிக்குள் சிறைப்பட்ட காற்று நல்ல வெப்பத்தடை, அதன் மேலே துணி 22 டிகிரியில் இருந்தாலும் தோலுக்கு எட்டாது. துணி தனக்கு வேண்டிய வெப்பத்தை நாயிடமிருந்து எடுக்காமல் வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டு காயும். முடி குறைந்த இடங்களான அடிவயிறு, தொடை இடுக்கு, முன்னங்காலின் அக்குள் மூன்றும் வெளியே தொங்கும். நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்து மூடும் மாதிரியைத் தேடி வாங்குங்கள். மேல்முடி, அடிமயிர் என்று இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்க்கு மாட்டும் முன் விரலால் முடியைப் பிரித்து அடிமயிர் வரை தண்ணீர் இறங்கும்படி நனையுங்கள். மேலாகத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும்.

மாட்டும் முறை எளிது. குழாய்த் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பட்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் தளர்ச்சியில் கட்ட வேண்டும். நெஞ்சை இறுக்கினால் இளைப்பு தடைபடும், பிறகு ஜாக்கெட் எதற்கு? காற்றடிக்கும் வறண்ட நாளில் முக்கால் மணிக்கு ஒருமுறை உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சரி. வெதுவெதுப்பாக இருந்தால், அது ஈரமாகவே இருந்தாலும், கழற்றி மறுபடி நனைக்க வேண்டும். கதவு சாத்திய காரிலும் மூடிய கூண்டிலும் ஜாக்கெட் ஆகவே ஆகாது. துணியிலிருந்து போகும் ஈரம் அங்கேயே தங்கி, நாய் இழுக்கும் காற்றைப் புழுக்கமாக்கி, நாக்கின் வேலையையும் கெடுக்கும்.

பனிக்கட்டி அடைத்த கழுத்துப் பட்டை: 150 கிராம் பனிக்கட்டி முழுதாக உருகினால் 50 கிலோஜூல், அதிலும் பாதி வெளிக்காற்றுக்குப் போகும். அலங்காரம்.

கேட்காமலே கிடைக்கும் வெற்றி வலைக்கட்டிலுக்கு

நான்கு கால், நடுவே இறுக்கிக் கட்டிய வலை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நாய் படுத்தால் மூடிப்போகும் அடிவயிற்றுக்குக் காற்று கிடைக்கிறது, அது நிரம்பாத வாளி. கசியாது, உறைய வைக்க வேண்டாம். இதில் பார்க்க வேண்டியவை இரண்டே: வலை நாயின் கனத்தில் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும், வலைக் கண்ணில் நகம் சிக்கக் கூடாது. அதோடு ஒரு மின்விசிறியை வையுங்கள். காய்ந்த உடம்பின் மேல் விசிறி வைத்தால் நமக்குப் போல நாய்க்குச் சுகம் கிடைக்காது, ஏனென்றால் ஆவியாக அங்கே வியர்வை இல்லை. அடிவயிற்றையும் கால்களையும் ஈரத்துணியால் நன்றாக நனைத்துவிட்டுக் கட்டிலில் ஏற்றினால் அந்த விசிறியே வேறு கருவியாகிவிடும். அரை மணிக்கு ஒருமுறை நனைத்தால் போதும். கணுக்கால் அளவுத் தண்ணீர் நிற்கும் அகலத் தொட்டி ஒன்று நிழலில் இருந்தால் இன்னும் நல்லது. பல நாய்கள் தாமே போய் வயிறு நனைய உட்கார்ந்துகொள்ளும்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால்: கட்டிலும் விசிறியும் நனைத்தலும் 4.5, வறண்ட காற்றில் வயிறு மூடும் ஜாக்கெட் 4, புழுக்கத்தில் அதே ஜாக்கெட் 1.5, மெழுகுப் பாய் 3.5, சாதா ஜெல் பாய் 2.5.

இவற்றில் எதுவும் வெப்பத்தாக்குக்கு மருந்து அல்ல. இளைப்பு அடங்காமல், ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கயிறுபோல் ஒழுகி, கால் தள்ளாடினால் பாயைத் தேடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறியை வைத்து, ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குளிர்வித்துவிட்டுக் கொண்டுபோவதுதான் முறை. ஈரத் துண்டைப் போர்த்தி விடுவது தவறு, சில நிமிடத்தில் துண்டே சூடாகி மூடி போட்டதுபோல் ஆகிவிடும். ஆசனவாய்த் தெர்மாமீட்டர் 39.5 காட்டினால் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சூடு அளவுக்கு மீறி இறங்கும்.

பெட்டியில் பூனை, முயல் படமும் போட்டு விற்கிறார்கள். பூனை தன் முடியை நக்கி நக்கி எச்சிலை ஆவியாக்கிக் குளிர்ந்துகொள்ளும். ஜாக்கெட் மாட்டினால் அந்த வழி அடைபடும், பூனையும் உங்களை விடாது. பாய் வேண்டுமானால் போடலாம், பிடிக்காவிட்டால் திரும்பியும் பார்க்காது. முயலுக்கு வெப்பம் போகும் வாசல் காது மடல்கள், வெயில் நாளில் அவற்றில் ரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரியும். அதன் பல் பிளாஸ்டிக் பாயை ஒரே நாளில் கந்தலாக்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்த தரை ஓடு ஒன்றைக் கூண்டின் ஒரு மூலையில் போட்டு, காதுகளின் வெளிப்புறத்தை ஈரவிரலால் தடவிவிட்டால் போதும். ஓடு இரண்டு இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம்.